விழுந்தவன் எடுக்கும் பெனால்டி

கல்கத்தாவில் தோற்றுவிட்டு வந்த இந்தியக் கால்பந்து அணியின் கோச், சென்ட்ரலில் சூளூர்ப்பேட்டை லோக்கல் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தான் என்றால் யார் நம்புவார்கள்? தாவீது அப்படித்தான் போனான். தேசியக் கால்பந்து மன்றத்துக்காரர்கள் விமான நிலையத்துக்கே கார் அனுப்பியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி ஒட்டிய கார். "முகம் தெரியாம போயிடலாம் சார்" என்று டிரைவர் வாயை விட்டதுதான் தப்பு. "என் மூஞ்சிக்கு இன்னாப்பா கொறைச்சல்?" என்று கேட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாவீது நடந்துவிட்டான்.

ரயிலில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பதினான்கு மாதமாக இவனோடு படம் எடுத்துக்கொள்ள ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிய, கம்பெனி வேலைக்குப் போகிற அதே சனம்தான். பொன்னேரி தாண்டிய பிறகு எதிர் சீட்டில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் மனசு பொறுக்காமல் கேட்டார்.

"கேப்டன் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. ஏன் சார் அந்தப் பையன பெனால்டி எடுக்க உட்ட?"

"அவன்தான உழுந்தான்?" என்றான் தாவீது.

"உழுந்தா?"

"உழுந்தவன்தான் எடுக்கணும்."

அந்த மனிதர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கும்மிடிப்பூண்டி வரும்வரை தன் செல்போனைத்தான் பார்த்தார். சரிதான், கோச்சுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆரம்பாக்கம் ரயில்வே கேட் பக்கத்தில் தாவீதுக்கு முப்பதடி ஃப்ளெக்ஸ் ஒன்று உண்டு. இந்தியக் கோச்சாக அவன் பேர் வந்த மறுநாள் கட்டியது. வாழ்நாளில் அவன் போட்டறியாத நீலக் கோட்டு ஒன்றை கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, "இந்தியாவின் இதயமே, ஆரம்பாக்கத்தின் அடையாளமே" என்று போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக இருபத்திரண்டு பேரின் பாஸ்போர்ட் அளவுத் தலைகள், இவண் என்ற வார்த்தையோடு. அன்றைக்கு இறங்கிப் பார்த்தால் தாவீதின் முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. கீழே இருந்த இருபத்திரண்டு தலைகளை மட்டும் பிளேடு போட்டு நறுவிசாக அறுத்து எடுத்திருந்தார்கள். தங்கள் தலையைத் தாங்களே வந்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், மகராசன்கள்! தாவீது கேட் பக்கத்துக் கடையில் டீ வாங்கி, அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே நின்று, ஊரே பார்க்கட்டும் என்று நிதானமாக ஆற்றிக் குடித்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஆசியப் போட்டிக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், இந்தியா உள்ளே போய்விடும். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கி நிற்கிறோம். மாற்று ஆட்டக்காரனாக இறங்கிய அருண்பாண்டியன் பந்தை எடுத்துக்கொண்டு பாக்ஸுக்குள் நுழைந்தான். இருபத்து நாலு வயசு, பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. பின்னாலிருந்து ஒருவன் காலை வாரிவிட்டான். ரெஃப்ரீ விசில் ஊதி பெனால்டி என்று கை காட்டினார். கேப்டன் ஓடிவந்து பந்துக்குக் கை நீட்டினார். சாதாரணக் கேப்டனா அவர்! பிஸ்கட்டிலிருந்து பனியன் வரை அவர் முகத்தில்தான் விற்கிறது. நாலு வருஷத்தில் ஒரு பெனால்டியைக்கூடத் தவறவிட்டதில்லை. அருண்பாண்டியன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று தலையாட்டினான். அவனே வைத்தான், அவனே உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. இந்தியாவும் வெளியே போயிற்று.

டிவியில் அந்த நேரத்தில் தாவீதைக் காட்டினார்கள். கோட்டோரம் நின்று இரண்டு கைகளையும் வீசிக் கத்துகிறான். என்ன கத்தினான் என்பது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. தாவீதுக்குத் தெரியும். "அருணு, நீயே எடு! உழுந்தவன்தான் எடுக்கணும்!" என்றுதான் தொண்டை கிழியக் கத்தினான்.

இந்தச் சட்டம் எந்தக் கால்பந்துப் புத்தகத்திலும் கிடையாது. ஆரம்பாக்கம் காலனிக்காரர்களின் சட்டம் அது. தாவீது அரைக்கால் டவுசரோடு ஆடிய காலத்தில் ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரே டீம். பந்து ஊர்க்காரர்களுடையது, வலையும் அவர்களுடையது, அறுப்பு முடிந்து ஆடுகிற வயலும் அவர்களுடையது. ஓடுகிற கால் மட்டும் காலனியுடையது. காலனிப் பையன் ஓடுவான், உதை வாங்குவான், விழுவான். பெனால்டி கிடைத்தால் பந்துக்காரர் மகன் வந்து கோலடித்துவிட்டு மாலையை வாங்கிக்கொள்வான். பக்கத்து ஊர் தடாவில் ஒரு டோர்னமெண்டில் தாவீதின் கூட்டாளி அப்பாவு என்பவனுக்கு முழங்காலுக்குக் கீழே பிளந்து ரத்தம் கொட்டியது. வழக்கம்போலப் பந்துக்காரர் மகன் வந்தான். அப்பாவு பந்தை எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் சப்பென்று உட்கார்ந்துகொண்டான். "உழுந்தவன் நானு. எடுக்கறவனும் நான்தான்" என்றான். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், ரெஃப்ரீ கையெடுத்துக் கும்பிட்டார். ஊஹும்! கடைசியில் அவன்தான் எடுத்தான். அந்த வருஷமே காலனி தனி டீம் ஆயிற்று, சொந்தப் பந்து வாங்கிற்று. அன்றிலிருந்து இன்றுவரை ஆரம்பாக்கத்துக் காலனியில் விழுந்தவன்தான் பெனால்டி எடுப்பான். கால் உடைந்திருந்தால் நொண்டிக்கொண்டு வந்து எடுப்பான்.

தாவீது இந்தியாவுக்கு ஒன்பது வருஷம் ஆடினான். அப்போதெல்லாம் இந்தச் சட்டத்தைச் சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. கோச் ஆனதும் முகாமில் பயிற்சி ஆட்டங்களுக்கு இதையே விதியாக வைத்தான். கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை. நிஜ ஆட்டத்தில் பதினான்கு மாதமாக ஒரு பெனால்டியும் வராததால் பிரச்சினையும் வரவில்லை. வந்தது பார், வரக்கூடாத நிமிடத்தில்!

தாவீது ஊர் வந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மன்றத்தின் ஊடக அதிகாரி நர்மதா காரில் வந்து இறங்கினாள். தெரு முழுக்க டிவி வண்டிகள். தாவீதின் மனைவி மெர்சி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வந்த நிருபர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தே ஓய்ந்துபோயிருந்தாள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில், வருகைப் பதிவு பார்க்கிற வேலை அவளுக்கு. புருஷன் நாட்டுக்கே கோச் ஆன பிறகும் அவள் வேலையை விடவில்லை. "கோச்சு வேல இன்னிக்கு இருக்கும் நாளைக்குப் போவும், என் வேல இருக்கும்" என்று அப்போதே சொன்னவள்.

நர்மதா மரியாதைக்காரிதான். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் காகிதத்தை எடுத்தாள். ஆங்கிலத்தில் நாலே வரி. பெனால்டியைக் கேப்டனிடம் கொடுக்கும்படி கோச் கத்திச் சொன்னார், அருண்பாண்டியன் அந்த உத்தரவை மீறினார் என்பது சாரம்.

"பதினோரு மணிக்கு வாசல்ல பிரஸ் இருப்பாங்க. இதைப் படிச்சிட்டு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சுது சார். உங்க கான்ட்ராக்ட் அப்படியே இருக்கும்."

"அவனுக்கு?"

"ஒழுங்கு நடவடிக்கை. ரெண்டு வருஷம் தடை வரலாம்."

"நான் கைய ஆட்டினது அவன எடுக்கச் சொல்லி. இதுல உல்ட்டாவா போட்டுக்கீது."

நர்மதா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க என்ன சொன்னீங்கன்னு டிவியில யாருக்கும் கேக்கல சார். அதோட, அருண்பாண்டியன்கிட்ட நாங்க பேசிட்டோம். அவரே ஒத்துக்கிட்டார். 'யாரும் சொல்லல, நானேதான் எடுத்தேன்'னு சொல்லிட்டார்."

தாவீது உடனே முடிவுகட்டினான். பையன் தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான்! இருபத்து நாலு வயசில், முழு வாழ்க்கையும் முன்னால் கிடக்க, கோச்சுக்காகக் கழுத்தை நீட்டியிருக்கிறான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அதே வேகத்தில் கோபமும் வந்தது.

"கையெழுத்து போடலன்னா?"

"எனக்குச் சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு சார். சாயந்தரத்துக்குள்ள வேற கோச் பேர் வந்துடும்."

இந்த இடத்தில்தான் அப்பாவு உள்ளே வந்தான். ஆமாம், பந்துமேல் உட்கார்ந்த அதே அப்பாவுதான். இப்போது உருக்காலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், முன்தலை வழுக்கை, காலில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். தாவீதின் கையைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"போட்டுத் தொலைடா."

"டேய், நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். நம்ம கிரவுண்டு புறம்போக்குடா. வெளையாட்டுத் திடலா எழுதிக் குடுக்கச் சொல்லி திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ்ல பைலு மேஜ மேல கீது. எதனால மேஜ மேல கீது? நீ இந்தியா கோச்சு. நாளைக்கு நீ வெறும் தாவீது ஆயிட்டன்னு வையி, அது அலமாரி மேல போயிடும். அப்பறம் எவனாவது லாரி நிறுத்த வேலி போட்ருவான். நம்ம சனத்துல ஒருத்தன் மேல போறதே அபூர்வம். போனவன் எறங்கக் கூடாதுரா!"

"நீ பந்து மேல குந்துனப்போ எந்தப் பைல பாத்துட்டு குந்துன?"

அப்பாவு குனிந்து காலிலிருந்த தழும்பைத் தடவினான். "அப்போ நம்ம கையில ஒண்ணுமே இல்ல. போறதுக்கும் ஒண்ணுமில்ல. இப்ப கீது" என்றான். அதில் பொய்யில்லை. அதனால்தான் தாவீதுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அடுப்படியில் நின்றிருந்த மெர்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் வாயி, உன் பேரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பதினோரு மணிக்கு முன்னாடி நாஷ்டாவத் துன்னு, வெறும் வயித்துல சண்டைக்குப் போவாத" என்று தட்டை நீட்டினாள்.

நாலு இட்லியைத் தின்றுவிட்டுத் தாவீது வாசலுக்கு வந்தான். பன்னிரண்டு மைக்குகள். நர்மதா கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எடுக்கச் சொன்னது நான்தான்" என்று ஆரம்பித்தான். "பையன் என் பேச்சைக் கேட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அவன் 'நானே எடுத்தேன்'னு சொல்லியிருந்தா, அது என்னைக் காப்பாத்த சொன்னது. நம்பாதீங்க. உத்தரவு என்னுது, பொறுப்பும் என்னுது."

வாசலில் ஒரே கூச்சல். ஒருவர் கேட்டார்: "உங்க ஜில்லாக்காரர்ங்கறதால சலுகை காட்டினீங்களா?"

"ஜில்லா பாத்தா கால வாரினான் அவன்? உழுந்தவன் எந்த ஜில்லாவா இருந்தாலும் எடுப்பான்."

"கேப்டனை அவமானப்படுத்தினதா ஆகாதா?"

"கேப்டன் உழட்டும், கேப்டன் எடுக்கட்டும். நான் வேணாங்கலையே!"

நிருபர்களே சிரித்துவிட்டார்கள். "அடுத்த ஆட்டத்துலயும் இப்படி வந்தா?" என்று கேட்டதற்கு, "இதையேதான் சொல்வேன். நாடே திட்டினாலும் சொல்வேன், திட்டிட்டுப் போங்க!" என்று போட்டான் ஒரு போடு. நர்மதா ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டாள். காருக்குப் போகும்போது மட்டும், யாருக்கும் கேட்காமல், "நல்லா பேசினீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மின்னஞ்சல் வந்தது. பதவி நீக்கம். மெர்சி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுத்துப் பெசகு இல்லாம நல்லாத்தான் அனுப்பிக்கிறாங்க" என்றாள்.

ஆனால் ஒன்று நடந்தது பாருங்கள், யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வாசல் பேச்சு தீயாகப் பரவிவிட்டது. நேற்றுவரை காறித் துப்பிய சனம் இன்றைக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. "பழியைத் தோளில் சுமந்த தலைவன்" என்று போட்டார்கள். "கோச் என்றால் இவர்தான் கோச்" என்று போட்டார்கள். தாவீதின் சமூக வலைத்தளப் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் சாயங்காலத்துக்குள் ஆறு லட்சத்திலிருந்து பத்து லட்சம் ஆனார்கள். இருட்டுவதற்கு முன் அந்த இருபத்திரண்டு பேரில் நாலு பேர் வந்து, "அண்ணே, புது ஃப்ளெக்ஸ் அடிக்கப் போறோம். தியாகத்தின் திருவுருவமேன்னு போட்டா நல்லாருக்குமா?" என்று கேட்டார்கள். தாவீது அவர்களைத் துரத்திவிட்டான். துரத்திவிட்டானே தவிர, படுக்கப் போகும்வரை அந்த வாசல் பேச்சு வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொய் சொல்வானேன், அவனுக்கு இனித்தது. வேலை போன துக்கத்தைவிட அந்த இனிப்புதான் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை தெருவில் ஒரு டிவி வண்டிகூட இல்லை. எட்டு மணி சுமாருக்கு அருண்பாண்டியன் பைக்கில் வந்தான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுற்றி வந்திருக்கிறான், தலையெல்லாம் புழுதி. நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்து தாவீது இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அருண்பாண்டியன் வண்டியிலிருந்து இறங்கிய வேகத்திலேயே கேட்டான். "உங்கள யாரு சார் அப்படிச் சொல்லச் சொன்னது?"

தாவீதின் கைகள் விரித்தபடி நின்றன. "இன்னாடா?"

"நான் உங்க பேச்சைக் கேட்டேன்னு யாரு சொன்னது? நான் எங்க கேட்டேன்?"

"டேய், என்ன காப்பாத்தறதுக்காக நீ பொய்..."

"நான் பொய்யே சொல்லல சார்! மன்றத்துலேருந்து கேட்டாங்க, நடந்தத சொன்னேன். நானேதான் எடுத்தேன். நீங்க கத்துனீங்கன்றதே அன்னிக்கு ராத்திரி ஓட்டல் ரூம்ல டிவி பாத்துத்தான் எனக்குத் தெரியும். அறுபதாயிரம் பேரு கத்திக்கினு இருந்தாங்க. கேப்டன் பக்கத்துல நின்னு பேசுனதே எனக்கு பாதிதான் காதுல உழுந்துச்சு."

மெர்சி உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"நேத்துலேருந்து இன்னா சொல்றாங்க தெரியுமா? பாவம் பையன், கோச்சு சொன்னத செஞ்சான், அவனுக்கு இன்னா தெரியும்னு. எங்க குப்பத்துல எங்கம்மாவே சொல்லுது, பாவம் எம்புள்ளன்னு. நான் பாவமா சார்? உழுந்தேன். எழுந்தேன். பந்த எடுத்தேன். கேப்டனுக்கே மாட்டேன்னுட்டேன். உதைச்சேன். வெளிய போச்சு. எல்லாமே நான் பண்ணது. அதப் போயி நீங்க எடுத்துக்கினீங்க!"

"அந்தப் பெனால்டி வீடியோவ எடு" என்றான் தாவீது.

மூன்று பேரும் தலையை நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். அருண்பாண்டியன் விழுகிறான். விசில். எழுகிறான். பந்தை எடுக்கிறான். கேப்டன் கை நீட்டுகிறார், இவன் தலையாட்டுகிறான். நடந்து போய்ப் பந்தைப் புள்ளியில் வைக்கிறான். அதற்குப் பிறகுதான், ஐயோ, அதற்கும் பிறகுதான், படத்தின் ஓரத்தில் தாவீது பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டுக்கு ஓடிவருகிறான். இதே வீடியோவை அவன் ஐம்பது தடவை பார்த்திருப்பான். ஐம்பது தடவையும் தன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

தாவீதுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இந்தியா ஜெர்சி போட்டு நாலு கோல் வாங்கித் தோற்றபோதும் வராத வெட்கம் அது. அப்பாவு பந்துமேல் உட்கார்ந்தபோது யாரைக் கேட்டு உட்கார்ந்தான்? யாரும் அவனுக்கு 'நீ எடு' என்று அனுமதி கொடுக்கவில்லை. அதுதானே சட்டம்! அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு மைக்குக்கு முன்னால் 'நான் கொடுத்தேன்' என்று மார்தட்டியிருக்கிறானே. பந்துக்காரர் மகனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

"தப்பு பண்ணிட்டேன்டா" என்றான்.

"தப்புன்னு என்கிட்ட சொன்னா? ஊருக்குச் சொல்லணும்."

"சொன்னா ரெண்டு வருஷம் தடை போடுவாங்கடா. உனக்கு இருபத்தாறு ஆயிடும். யோசிச்சிப் பாரு. நான் வாய மூடிக்கினு இருந்தா நீ அடுத்த மாசமே ஆடலாம். என் வேல எப்படியும் போயிடுச்சு."

"போடட்டும் சார். பாவம்னு சொல்லிக்கினு ஆடுறதுக்கு, ஆடாம மீன் புடிக்க வலைக்குப் போறேன். ரெண்டு வருஷத்துல கால் ஒண்ணும் தேஞ்சிடாது."

"இத சொன்னா உன் மேல தப்புன்னு ஆயி, என்ன திருப்பிக் கூப்பிடுவாங்க. அது எனக்கு அசிங்கம்."

"கூப்ட்டா போறதும் போவாததும் உங்க பேஜாரு. அதையும் என் தலையில கட்டாதீங்க" என்றான் அருண்பாண்டியன்.

மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சரியான ஆளத்தான்யா டீம்ல எடுத்துக்கிற" என்றாள்.

தாவீது உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கினான். நேற்று நான் சொன்னது தவறு, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், மன்றம் என்னைத் திரும்ப அழைத்தாலும் போக மாட்டேன், இந்த இளைஞனின் தைரியத்தை நாடு... அடுக்க அடுக்க நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, அருண்பாண்டியனுக்குப் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டபடி நின்றான். "மெர்சி, நீ புடி" என்று செல்போனை நீட்டினான்.

அருண்பாண்டியன் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டான். "வேணாம் சார். நீங்க பக்கத்துல நின்னா எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க. நீங்க அந்தாண்ட போங்க. வீடியோவ உங்க பேஜுலதான போடணும், நீங்களே எடுங்க."

தாவீது மெர்சியைப் பார்த்தான். அவள் செல்போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவன் நாலடி பின்னால் போனான். சிறிய கண்ணாடிக்குள் புழுதித் தலையோடு அருண்பாண்டியன் மட்டும் நின்றான். தாவீது தலையசைத்தான்.

"என் பேரு அருண்பாண்டியன், பழவேற்காடு. அன்னிக்கு உழுந்தது நானு. பெனால்டி எடுத்ததும் நானு. கோச்சு சொல்லி எடுக்கல, அவரு கத்துனது எனக்குக் கேக்கவேயில்ல. கேட்டிருந்தாலும், வேணாம்னே சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேன். கம்பத்துல பட்டு வெளிய போச்சு, அதுவும் நான்தான். தடை போடணும்னா என் பேருக்குப் போடுங்க. திரும்பி வருவேன். வந்து உழுந்தா, திரும்பவும் நான்தான் எடுப்பேன்."

முடித்துவிட்டு அவன் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றான். தாவீது ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அதைப் பத்து லட்சம் பேருக்கு அனுப்பினான்.